பைக் ரேடியேட்டரைக் கழுவி கூலன்ட் மாற்றுவது எப்படி: புதுச்சேரி, கடலூர் தண்ணீருக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பச்சையோ, ரோஸோ, நீலமோ, ரேடியேட்டருக்குள் ஓடி இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்டில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். எந்தக் கம்பெனி பாட்டில் நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், அந்த மீதிப் பாதி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கடலை ஒட்டிய ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் போவதையும், பக்கெட் விளிம்பிலும் கீசர் காயிலிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு படிவதையும் புதுச்சேரியிலும் கடலூரிலும் தினமும் பார்க்கிறோம். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்தால் வெளியே தெரியாது. ஒரு சித்திரை மதியம், இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஓயாமல் சுற்றுவதும் டெம்பரேச்சர் கோடு ஒவ்வொன்றாக ஏறுவதும்தான் தெரியும்.

வேலை கஷ்டமானதல்ல. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஆனால் நடுவில் இரண்டு மூன்று முறை இன்ஜின் ஆறக் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒரு முழு நாள் போய்விடும். அவசரப்பட்டுச் செய்தால் கை வெந்துபோகும், இல்லையென்றால் சிஸ்டத்தில் காற்று அடைத்துக்கொள்ளும்.

உங்கள் வண்டியில் கூலன்ட் இருக்கிறதா?

ஸ்ப்ளெண்டர், புல்லட் போன்றவற்றில் கூலன்டே கிடையாது. ஆர்15, எம்டி-15, பல்சர் என்எஸ்200, ஆர்எஸ்200, டொமினார், கே.டி.எம். டியூக், ஹிமாலயன் 450, ஸ்பீட் 400 ஆகியவற்றில் உண்டு. ஏராக்ஸ் 155 ஸ்கூட்டரிலும் உண்டு. குழப்பம் வருவது நடுவில் இருக்கும் வண்டிகளில். பழைய ஹிமாலயன் 411, அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி போன்றவற்றின் முன்பக்கம் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கும். அது ஆயில் கூலர். அதற்குள் ஓடுவது இன்ஜின் ஆயில். கூலன்ட் ஊற்றும் மூடியைத் தேடி அதைக் கழற்றிவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியும், ‘ஃபுல்’, ‘லோ’ கோடு போட்ட பிளாஸ்டிக் ரிசர்வாயர் டேங்கும் இரண்டும் இருந்தால்தான் அது லிக்விட் கூல்டு வண்டி.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதே கணக்கு. பல வண்டிகளுக்கு அது 2 வருடத்திலிருந்து 4 வருடம் வரை வேறுபடும். ஆனால் நடுவில் யாராவது, அது வாட்டர் வாஷ் கடைப் பையனாக இருந்தாலும் சரி, குழாய்த் தண்ணீரை டாப்அப் செய்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. உடனே மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்கியிருந்தாலும் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.

தண்ணீர்தான் விஷயம்

தண்ணீரை உறையவிடாமல் காப்பதும் கூலன்டின் வேலை; நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு எதற்குக் கூலன்ட் என்ற கேள்வி நியாயமானது. கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டால் அது 125 டிகிரியைத் தாண்டும். அதே மூடியோடு வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆக, கொதிநிலையில் பிரமாதமான வித்தியாசம் இல்லை. கூலன்டின் பெரிய உபயோகம் அதோடு சேர்ந்து வரும் துருத் தடுப்பு மருந்துகள். அலுமினிய ரேடியேட்டர், அலுமினிய ஹெட், வாட்டர் பம்ப் சீல் எல்லாவற்றையும் காப்பது அவைதான். வருடம் போகப் போகச் செலவாகிப் போவதும் அவைதான். கிளைக்கால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் பழைய கூலன்ட் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் சத்து போயிருக்கலாம்.

கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் படியும். சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்தாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடலோர நிலத்தடி நீரில் இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை கூட அனுமதி உண்டு. குடிக்க ஏற்ற தண்ணீர் என்பதும் ரேடியேட்டருக்கு ஏற்ற தண்ணீர் என்பதும் வேறு வேறு.

இருபது லிட்டர் கேன் தண்ணீர்? குழாயை விட மேல், ஆனால் ஆர்.ஓ. செய்த பிறகும் அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காயிலில் இருக்கும் தூசு, பாசி, உலோகத் துகள் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வருகிறது. மொட்டைமாடி மழைத்தண்ணீரிலும் கடல் காற்று விட்ட உப்பு இருக்கும். சரியானது டிஸ்டில்டு வாட்டர்தான். கடையில் ‘பேட்டரி தண்ணி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். 5 லிட்டர் கேனாக வாங்குங்கள். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் அதே மாதிரி கேனில்தான் இருக்கும். கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் கைவசம் இருந்தால் ஒரு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். நல்ல டிஸ்டில்டு வாட்டர் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். 40, 50 என்று காட்டினால் அந்தக் கேனை யாரோ குழாயில் நிரப்பியிருக்கிறார்கள்.

வாங்க வேண்டியவை

கூலன்ட் இரண்டு விதமாக வரும். தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் ஒன்று, கலக்க வேண்டிய கான்சன்ட்ரேட் மற்றொன்று. கழுவாமல் வடித்து ஊற்றுவது மட்டும்தான் என்றால் ரெடிமிக்ஸ் போதும். கழுவப் போகிறோம் என்றால் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். ஏன் என்பது ஊற்றும் இடத்தில் புரியும். அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது, சிலிக்கேட் இல்லாதது என்று லேபிளில் இருக்க வேண்டும். சிலிக்கேட் துகள் வாட்டர் பம்ப் சீலை மெல்ல மெல்லத் தேய்க்கும். நிறத்தை நம்பாதீர்கள். எல்லாப் பச்சையும் ஒன்றல்ல, நிறத்துக்கு எந்தப் பொதுத் தரமும் கிடையாது, அது வெறும் சாயம். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் மருந்து சீக்கிரம் வலுவிழக்கும், சில சமயம் ஜெல்லி மாதிரி திரிந்தும் போகும்.

150 சி.சி. வண்டிக்கு 1 லிட்டர் தாராளம். 400 சி.சி. பக்கம் போனால் கையில் 2 லிட்டர் இருக்கட்டும். சரியான கொள்ளளவு புத்தகத்தில் இருக்கும். ரேடியேட்டர், ரிசர்வாயர் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். மற்றபடி டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர், அளவு போட்ட ஜக், புனல், அகலமான பிளாஸ்டிக் டப், 8, 10 மி.மீ. டி-ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ரப்பர் கிளவுஸ், பழைய துணி. முக்கியமாக, கூலன்டை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புதிய செம்பு வாஷர். சில ரூபாய் சமாச்சாரம்தான், ஆனால் அது இல்லாமல் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வடிப்பது

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆரம்பியுங்கள். ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 100 டிகிரிக்கு மேற்பட்ட திரவம் ஒரே நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கலாம் என்ற யோசனையெல்லாம் வேண்டாம்.

வண்டியை நேராக நிறுத்துங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டு இருந்தால் அது, இல்லையென்றால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தபடி நின்றால் ஒரு பக்கத்தில் பழையது தங்கும், ஊற்றும்போது காற்றும் தங்கும். ஆர்15, ஆர்எஸ்200 போல ஃபேரிங் (பிளாஸ்டிக் மேலுறை) உள்ள வண்டிகளில் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். கிளிப் எது, ஸ்குரூ எது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

ட்ரெயின் போல்ட் வழக்கமாக வாட்டர் பம்ப் மூடியில் இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் இருக்கும். பம்ப் மூடியைப் பிடித்திருக்கும் மற்ற போல்ட்டுகளும் கிட்டத்தட்ட அதே அளவுதான். செம்பு வாஷர் போட்டிருப்பதுதான் ட்ரெயின் போல்ட், அதை மட்டும் கழற்றுங்கள். இன்ஜினுக்கு நேர் அடியில் இருக்கும் பெரிய போல்ட் ஆயிலுக்கு உரியது, அதன் பக்கமே போகாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன உத்தி. ரேடியேட்டர் மூடியை மூடியே வைத்துவிட்டு முதலில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். மேலே காற்று நுழைய வழியில்லாததால் கூலன்ட் மெல்லிய நூலாகத்தான் வரும். டப்பைச் சரியாக நகர்த்தி வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பிறகு மூடியைப் பாதி திருகி, அழுத்தித் திருகி எடுத்தால் ‘குபுக்’கென்று ஒரு முழம் தள்ளிப் பீறிடும். டப் இன்ஜினுக்கு நேர் கீழே இருந்தால் பாதி தரையில்தான் விழும், கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சில வண்டிகளில் மூடிக்குப் பூட்டு ஸ்குரூ இருக்கும், அதை முதலில் எடுக்க மறக்காதீர்கள்.

ரிசர்வாயர் டேங்கை மறந்துவிடுவது வழக்கமான தப்பு. ரேடியேட்டரைப் பளிங்காகக் கழுவிவிட்டு, அடியில் சேறு தங்கிய ரிசர்வாயரை அப்படியே விட்டால், இன்ஜின் ஆறும்போது அந்தச் சேற்றைத்தான் ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சும். டேங்கைக் கழற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். கழற்ற முடியாத இடத்தில் இருந்தால் அடி ஹோஸைப் பிடுங்கி வடியுங்கள், அல்லது ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

வடித்ததை ஜக்கில் ஊற்றி எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள்.

வண்டல் இல்லாமல் சாயம் மாறாமல் இருந்தால் ஒரு முறை கழுவினால் போதும். வெள்ளைச் செதில்கள் மிதந்தால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். செம்பழுப்பாக இருந்தால் உள்ளே எங்கோ இரும்புப் பாகம் துருப்பிடித்திருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மின்னினால், அல்லது ஆயில் பார்க்கும் கண்ணாடியில் ஆயில் டீ மாதிரி வெளுத்துத் தெரிந்தால், இது கூலன்ட் மாற்றிச் சரியாகும் விஷயமல்ல. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டோ பம்ப் சீலோ போயிருக்கிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

கழுவுவது

பழைய வாஷரோடு ட்ரெயின் போல்ட்டை லேசாக மூடுங்கள். புதிய வாஷர் கடைசிக்கு. டிஸ்டில்டு வாட்டரை மெல்ல ஊற்றி ரேடியேட்டர் கழுத்து வரை நிரப்புங்கள், மூடியைப் போடுங்கள், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடாகிற வரை தெர்மோஸ்டாட் என்கிற வால்வு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றாது. இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு வடிப்பவர்கள் ரேடியேட்டரை மட்டும் நனைக்கிறார்கள், இன்ஜினுக்குள் இருக்கும் பழையது அப்படியே தங்கிவிடுகிறது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் ஹோஸில் கை வைத்துப் பாருங்கள். நேரம் போகப் போக வெதுவெதுப்பாகி, ஒரு கட்டத்தில் சட்டென்று சூடேறும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்தது. ஃபேன் ஒரு முறை சுற்றி நிற்கும் வரை விட்டு, ஆஃப் செய்யுங்கள். ஃபேன் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள், சாவி ஆனில் இருக்கிற வரை அது எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

பிறகு காத்திருங்கள். குறைந்தது 2 மணி நேரம். சூடான இன்ஜினில் சில்லென்ற தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஆறியதும் வடித்து, டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள். சாதாரணமாக இரண்டு தடவை, மோசமான வண்டியில் மூன்று. வெறும் தண்ணீரோடு வண்டியை ரோட்டில் ஓட்ட வேண்டாம், நின்ற இடத்திலேயே ஓடட்டும்.

ஹோஸ் பைப்பை ரேடியேட்டர் வாயில் சொருகி மோட்டாரைப் போடுவது வேகமான வழிதான். ஆனால் எந்த உப்பை வெளியேற்ற வந்தோமோ அதையே உள்ளே அனுப்புகிறோம். எலுமிச்சை உப்பு, வினிகர், பாத்ரூம் கிளீனர் மாதிரி கைவைத்தியங்களும் வேண்டாம். சுண்ணாம்பைக் கரைக்கிற ஆசிட் அலுமினியத்தையும் விடாது. கடையில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் வேண்டுமென்றால் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கார் ரேடியேட்டருக்குச் சொன்ன அளவை 1 லிட்டர் பைக்கில் கொட்டாதீர்கள். அது போட்ட பிறகு டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு தடவையாவது அலசியாக வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைக் கவனியுங்கள். கடற்காற்றில் வரும் உப்பும் ஈ.சி.ஆர். மணலும் பூச்சிகளும் தகடுகளுக்கு நடுவே இறுகியிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைத்தண்ணீரில் நின்ற வண்டிகளில் சேறே காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். மென்மையான பிரஷ், கொஞ்சம் ஷாம்பு, மெல்லிய தண்ணீர். பின்னாலிருந்து முன்னால் அடிக்க வேண்டும், வந்த வழியாகவே குப்பை வெளியேறும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை அருகில் பிடித்தால் தகடுகள் முடி படிந்த மாதிரி சாய்ந்துவிடும், அப்புறம் காற்றே புகாது. சாய்ந்தவற்றைப் பழைய பிளாஸ்டிக் கார்டின் முனையால் நிமிர்த்தலாம்.

ஹோஸ்களையும் கிள்ளிப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ, வெடிப்பு விட்டோ, கல் மாதிரி இறுகியோ இருந்தால் மாற்ற இதுதான் நேரம்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. எவ்வளவு வடித்தாலும் இன்ஜினின் மூலை முடுக்குகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். உதாரணமாக, புத்தகம் 1,000 மில்லி என்கிறது. கடைசி அலசலில் வெளியே வந்தது 800 மில்லி. அப்படியென்றால் உள்ளே 200 மில்லி டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறது. இப்போது சரிபாதி கலந்த ரெடிமிக்ஸை 800 மில்லி ஊற்றினால் அதில் கூலன்ட் 400 மில்லிதான், மொத்தத்தில் 40 சதம். 3 வருடம் தாங்க வேண்டிய மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாளே குறைந்துவிட்டது.

கான்சன்ட்ரேட் கையில் இருந்தால் 500 மில்லியை அளந்து முதலில் ஊற்றுங்கள், அதன்மேல் 300 மில்லி டிஸ்டில்டு வாட்டர். உள்ளே இருக்கும் 200 மில்லியோடு சேர்ந்து சரிபாதி. உங்கள் பாட்டில் லேபிள் வேறு விகிதம் சொன்னால் அதை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். ரிசர்வாயருக்கு மட்டும் தனியாக, வெளியே சரிபாதி கலந்து வையுங்கள்.

அதற்காகத் தண்ணீரே சேர்க்காமல் முழுக்க முழுக்க கான்சன்ட்ரேட் ஊற்றுவது புத்திசாலித்தனமல்ல. சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணையில்லை. கிளைக்கால் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கெட்டியாக இருந்தால் வண்டி இன்னும் சூடாகத்தான் ஓடும்.

நிரப்புவதும் காற்றை வெளியேற்றுவதும்

ட்ரெயின் போல்ட்டுக்குப் புதிய செம்பு வாஷர் போடுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், டி-ஸ்பேனரை விரல்களால் திருகி உட்கார்ந்ததும் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு இறுக்கு. அலுமினியத்தில் மரை போய்விட்டால் அப்புறம் ஹெலிகாயில் (புது மரைச் சுருள்) போட வேண்டியதுதான், வீட்டில் செய்கிற வேலையல்ல.

புனல் வைத்து மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மோர் ஊற்றுவது மாதிரி சரேலென்று ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று மேலே வர வழி தெரியாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். பாதி ஊற்றியதும் வண்டியை இடமும் வலமும் மெதுவாகச் சாயுங்கள். ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள், ‘குளுக் குளுக்’ என்று குமிழ் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். சில இன்ஜின்களில் காற்று வெளியேற்ற ஒரு ப்ளீட் ஸ்குரூ இருக்கும். இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் நின்று கூலன்ட் மட்டும் வரும் வரை விட்டு மூடுங்கள்.

கழுத்து வரை நிரம்பியதும் மூடியைப் போடாமலே நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து 2, 3 நிமிடம் ஐடிலில் விடுங்கள். மூன்று நான்கு முறை ஆக்ஸிலரேட்டரைச் சின்னதாகத் தட்டுங்கள். காற்று வெளியேறி மட்டம் இறங்கும். ஆஃப் செய்து, திரும்ப நிரப்பி, மூடியை முழுவதும் திருகிப் பூட்டுங்கள். சூடேறி ஃபேன் சுற்றும் வரை மூடியைத் திறந்தே வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கூலன்ட் விரிந்து பொங்கி வழியும், கையிலும் கொட்டும். அது தேவையில்லை, மிச்சக் காற்றை மூடியும் ரிசர்வாயரும் தாமே பார்த்துக்கொள்ளும்.

எப்படியென்றால், அந்த மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கின்றன. அழுத்தம் கூடினால் பெரிய வால்வு திறந்து காற்றையும் கூலன்டையும் ரிசர்வாயருக்கு அனுப்பும். இன்ஜின் ஆறி உள்ளே வெற்றிடம் வந்ததும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு ரிசர்வாயரிலிருந்து கூலன்டை மட்டும் திரும்ப இழுக்கும். இதனால்தான் ரிசர்வாயரின் குழாய் முனை எப்போதும் கூலன்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்தச் சுவாசம் நின்றுபோகும். அதே பார் அளவுள்ள புதிய மூடியைப் போடுங்கள். 1.1 போட்ட இடத்தில் 0.9 போட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும்.

ரிசர்வாயரை வண்டி நேராக நிற்கும்போது மேல் கோடு வரை நிரப்புங்கள். ஃபேன் ஒரு முறை சுற்றும் வரை ஓட்டி, ட்ரெயின் போல்ட், ஹோஸ் கிளாம்ப் ஓரங்களில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஃபேரிங்கை மாட்டுங்கள். பிறகு புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்பும் தூரம் ஓட்டுங்கள், அதிலேயே சிக்னல், பாலம், நெரிசல், திறந்த ரோடு எல்லாம் வந்துவிடும். மறுநாள் காலை, ஆறிய நிலையில் ரிசர்வாயர் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பதற வேண்டாம், காற்று போன இடத்துக்கு உள்ளே இழுத்திருக்கிறது. நிரப்பிவிடுங்கள். மூன்றாவது நாளும் இறங்கினால்தான் கசிவைத் தேட வேண்டும்.

சரியாக வரவில்லை என்றால்

மாற்றிய கையோடு டெம்பரேச்சர் திடீரென்று ஏறி, திடீரென்று இறங்கினால், அல்லது இன்ஜின் கொதிக்க ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் அது ஏர்லாக், அதாவது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஆறவிட்டு, முன் சக்கரத்தை ஒரு செங்கல் உயரம் தூக்கி வைத்து, ரேடியேட்டர் மூடி இருப்பதிலேயே மேடான இடமாகும்படி செய்து, திரும்ப நிரப்புங்கள். அப்படியும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம்.

ரிசர்வாயர் நிரம்பி வழிகிறது, ஆனால் ரேடியேட்டர் காலி என்றால் மூடியைச் சந்தேகப்படுங்கள். அல்லது டேங்க் மாட்டும்போது ஓவர்ஃப்ளோ குழாய் மடிந்திருக்கும்.

வாட்டர் பம்புக்கு அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சொட்டுவதை நிறுத்த அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிற வழக்கம் உண்டு. அந்தத் துளையே கூலன்ட் ஆயிலுக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று வைத்தது. அடைத்தால் அடுத்து கெடுவது இன்ஜின்.

வெளியே எங்கும் கசிவில்லாமல் மட்டம் மட்டும் குறைகிறது, புகை வெள்ளையாக இனிப்பு வாடையோடு வருகிறது, மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ஓயாமல் குமிழ் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ஃபேன் சுற்றவே இல்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், கழுவும்போது கழன்ற கனெக்டராகவும் இருக்கலாம்.

பழைய கூலன்டை என்ன செய்வது

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். சிறுநீரகத்தை அழித்துவிடும். தரையில் தேங்கினால் தெருநாய் நக்கும், மாடு நக்கும். கொட்டிய இடத்தை அப்போதே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். வாசல் வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அது கடலுக்குத்தான் போகிறது. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுங்கள், ஆயிலோடு கலக்க வேண்டாம். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே கூடாது. ரோஸ் கூலன்ட் பார்க்க ரோஸ் மில்க் சிரப் மாதிரியே இருக்கும், வீட்டுக் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் ஜிப்மருக்கோ பக்கத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கலந்து மிச்சமானதை அதன் சொந்த பாட்டிலிலேயே ஊற்றி, விகிதத்தையும் தேதியையும் மார்க்கரில் எழுதி எட்டாத உயரத்தில் வையுங்கள். டாப்அப் அதிலிருந்து மட்டும். மரக்காணம் தாண்டி ஈ.சி.ஆரில் எங்காவது ஹோஸ் விட்டுப்போய் வேறு வழியில்லை என்றால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கடையில் கிடைக்கும் குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றி வீடு வந்து சேரலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வாரமே வடித்து, அலசி, கணக்குப் போட்டுத் திரும்ப நிரப்பிவிடுங்கள்.